பாதித் தட்டு

சாண்டா ஃபே, அமெரிக்கப் பாலைவனத்தில் நானூறு வருடமாக நிற்கும் மண்சுவர் நகரம். உணவகத்தில் பணிப்பெண், "சிவப்பு மிளகாய்க் குழம்பா, பச்சையா?" என்றாள். இங்கே எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. என் சிநேகிதி ஆவுடையும் நானும் பள்ளிக்கூட நாளிலிருந்தே எந்தக் கடையிலும் ஒரே பண்டத்தை வாங்கியதில்லை. ஆளுக்கொன்று வாங்கிப் பாதியில் மாற்றிக்கொள்வோம். நாலு வாய்க்குள் அவளுக்குப் பொறுக்காது. "பாதியாச்சு, தட்டை மாத்துட்டி" என்பாள். இங்கேயும் சேர்ந்து வருவதாகத்தான் இருந்தோம். வழக்கம்போல அவளே முந்திக்கொண்டாள். போன ஆடியில் செத்துப்போனாள்.

"ரெண்டும் வேணும்" என்றேன். ஒரே தட்டில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. சிவப்பில் நாலு வாய் சாப்பிட்டேன். நல்ல உறைப்பு. இன்னும் பாதிகூட ஆகவில்லை.

பச்சை என் பக்கம் வரத் தட்டைத் திருப்பி வைத்தேன்.