நல்ல பிள்ளை

பகல் ஒரு மணி. காலையிலிருந்து முப்பத்தெட்டுக் குழந்தைகளின் நெஞ்சைக் கேட்டுக் கேட்டு டொக்டர் நிவேதிகாவின் காதுகள் சிவந்திருக்கின்றன. கடைசியாக வந்திருப்பவள் கிண்ணியா ஊரிலிருந்து பரீனா, ஆறு வார மகனோடு. அவன் இதயத்துடிப்புக்கு இடையில் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கிறது. இப்படியான இரைச்சல் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். "பால் குடிக்கிறாரா?" என்று கேட்டபோது பரீனா "ஓம், நல்லா" என்றுதான் சொன்னாள். 'ஒரு மாதத்தில் காட்டவும்' என்று எழுதிவிட்டு டொக்டர் கண்ணை மூடிக்கொள்கிறார். யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் கப்பலொன்று நீளமாக ஊதுகிறது. பக்கத்துக் கதிரையில் பரீனா முந்தானைக்குள் பால் கொடுக்கிறாள். "கரைச்சலே இல்லாத புள்ள டொக்டர். அழவே மாட்டான். நாலு வாய் குடிச்சதும் நித்திரையாகிருவான்." டொக்டர் கண்ணைத் திறக்கிறார். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. முந்தானைக்கு வெளியே தெரியும் குழந்தையின் நெற்றியில் மட்டும் வேர்வை முத்து முத்தாக நிற்கிறது. பரீனா அதைத் துடைத்துவிடுகிறாள், மறுபடியும் அரும்புகிறது.

"எப்பவும் இப்பிடி வேர்க்குமா?"

"பால் குடிக்கக்குள்ள மட்டும்தான். வெக்கைதானே."

டொக்டர் எழுதியதை ஒரே கோட்டில் வெட்டுகிறார். கீழே, 'கொழும்பு இதய வைத்தியரிடம் காட்டவும், இந்த வாரமே' என்று எழுதுகிறார். பேனையை வைத்துவிட்டு மெதுவாகச் சொல்கிறார்: "பிள்ளை நித்திரையாகேல்ல, பரீனா. குடிக்க ஏலாமல் களைச்சுப்போகுது."

மறுபடி துடைக்கப் போன பரீனாவின் கை மகனின் நெற்றிக்கு மேலே அப்படியே நிற்கிறது.