மிக்ஸியின் அடியில்

ஆவடி குவார்ட்டர்ஸில், கலைவாணி வீட்டுக் கூடத்தில், புது மிக்ஸி ஒரு தரம் உறுமிவிட்டுச் சட்டென நிற்கிறது. விற்க வந்திருக்கும் ரேணுகாவுக்கு இதுதான் முதல் டெமோ. இன்று ஒன்றாவது விற்றால்தான் கம்பெனி அவளைச் சேர்த்துக்கொள்ளும். எதையும் அரைக்கும் என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், எதிர்வீட்டு அன்னம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கல் மாதிரி விரலி மஞ்சளை ஜாரில் போட்டதுதான் காரணம். சாயங்கால வெயில் பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் மடிவரை வந்திருக்கிறது. ஃபேன் மட்டும் கடகடக்கிறது. "இன்னாம்மா, பூட்ச்சா?" என்கிறாள் அன்னம்மாள். தோழிக்காக எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்த கலைவாணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ரேணுகா பதறவில்லை. ஜாரைக் கழற்றிவிட்டு, குழந்தையைக் குப்புறப் போடுவதுபோல மிக்ஸியைப் பதமாகக் கவிழ்த்து, அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தானைக் காட்டுகிறாள். "பூடலக்கா. தாங்கலன்னா தானா நின்னுக்கும், மோட்டார் பொகையாது. எதையும் அரைக்கும்னு சொன்னது என் தப்பு. வெரலி மஞ்சளுக்கு மில்லுக்குத்தான் போவணும்." நேற்று முழுக்க அவளை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்ட கலைவாணிக்குத் தெரியும், கம்பெனி பேச்சில் இந்த வரி கிடையாது. ரேணுகா பொத்தானை அழுத்திவிட்டு மிக்ஸியை நிமிர்த்தி வைக்கிறாள். அன்னம்மாள் பாயோடு முன்னால் நகர்ந்து வருகிறாள். "சரி, தேங்கா போடு, பாக்கலாம். எங்கூட்டுது பொகஞ்சுதான் பூட்ச்சு."