டேப்பின் மறுமுனை

பட்டா இன்னும் ஞானமுத்துவின் பேரில் இருந்ததால், கொல்லையில் கொட்டகை கட்டுவதற்கான மனுவில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள், "தட்டுமுட்டுச் சாமான் போடத்தாம்ப்பா" என்று மகன் செல்வின் பேனாவை நீட்டினான். படிக்காமலே போட்டுவிட்டார். இன்று நகராட்சியிலிருந்து இடம் பார்க்க ஆள் வந்திருந்தார். இரும்பு டேப்பின் ஒரு முனையை ஞானமுத்துவிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, அதன் பெட்டியோடு பின்னால் நகர்ந்தார். "மதில்லேருந்து மூணடி விட்டுத்தான் கட்டணும். சாமான் மட்டும்னா ஜன்னல் கட்டாயமில்ல. ஆள் படுக்கிறதுன்னா ஒண்ணு வேணும்." செல்வின் தரையைப் பார்த்தபடி, "ஒண்ணு போட்டுக்குங்க சார்" என்றான். ஞானமுத்து சாமான்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஓட்டை அண்டா, பழைய தையல் மெஷின், டயர் இல்லாத சைக்கிள். எதற்கும் காற்று தேவைப்படவில்லை. "ஆட்டாமப் பிடிங்கய்யா" என்றார் அளப்பவர். "மூணடி போனா நீளம் ஆறரைதான் வருது தம்பி. போதுமா?" செல்வின் திரும்பி அப்பாவை உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு தடவை பார்த்தான். "போதும் சார்." சமையலறை ஜன்னலில் நின்றிருந்த மருமகள் உள்ளே நகர்ந்துகொண்டாள். "முடிஞ்சுது, விட்டுருங்கய்யா." விட்டால் டேப் சர்ரென்று சுருண்டு அந்தச் சின்னப் பெட்டிக்குள் போய்விடும். "ஐயா, விடுங்க." ஞானமுத்து கட்டைவிரலை இன்னும் அழுத்தினார். தகடு நகக்கண்ணில் இறங்கியது.