ஒரே ஒரு கோல்

"கோல் விழுந்தப்புறம் எழுந்திருக்கணும்மா! விழறதுக்கு முன்னாடியே குதிச்சா எப்படி?"

தமிழரசன் தொண்டை கிழியக் கத்தினான். சாமியானா பந்தலுக்குள் டிவி முன்னால் பத்துப் பன்னிரண்டு உப்பளத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் புடவைக்கு மேல் ஒரே மாதிரி மஞ்சள் நிற முழுக்கைப் பனியன் போட்டிருந்தார்கள். நடுவில் பொன்னி மட்டும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள்.

"பந்து வலைக்குக் கிட்ட போச்சா சார்... ஆசையில எந்திரிச்சிட்டேன்."

"சரி, உட்காருங்க. மறுபடியும் எடுக்கலாம்."

உலகக் கோப்பை நடக்கிற நேரம். கால்பந்து ரசிகர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஊர் ஊராகச் சுற்றியும் தமிழரசனுக்குக் கிடைத்தவர்கள் எல்லாம் கிரிக்கெட் ரசிகர்கள்தான். அலுத்துப்போய்ப் புதுச்சேரிக்குக் காரில் போகும்போது, மரக்காணம் உப்பளத்தில் பிரேசில் பனியனோடு உப்புக் கூடை சுமந்து வந்த இவர்களைப் பார்த்துவிட்டான். காரை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டு ஓடினான்.

"சுனாமிக்கப்புறம் வந்த துணி மூட்டையில இருந்துச்சு சார்," என்றாள் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்த மங்கம்மா. "வெயிலுக்கு நல்லா இருக்குதேன்னு போட்டோம். அப்புறம் பாத்தா டிவில இதே பனியனைப் போட்டுக்கினு ஆடுறாங்க! அன்னியிலேருந்து ஃபுட்பால்னா எங்களுக்கு உசுரு."

தமிழரசனுக்கு வாயெல்லாம் பல். படத்தில் உங்கள் முகத்தையும் காட்டுகிறேன் என்று உப்பள முதலாளிக்கு ஐஸ் வைத்து இவர்களைக் கேட்டு வாங்கினான். நாள் கூலி, மத்தியானச் சாப்பாடு, மோர், ஜெனரேட்டர் வைத்து இரண்டு பெரிய மின்விசிறி. மற்றதெல்லாம் முதல் நாள் காலையிலேயே எடுத்தாகிவிட்டது. பாக்கி இந்த ஒரு காட்சிதான். சிடியில் ஓடும் ஆட்டத்தில் பிரேசில் கோல் போட்டதும் எல்லோரும் ஒன்றாகத் துள்ளி எழ வேண்டும்.

அதுதான் வரவில்லை. முதல் நாள் குப்பம்மாள் ஒவ்வொரு முறையும் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டாள். மறுநாள் அவளை ஓரமாக உட்கார வைத்ததும் தங்கமாக நடித்தாள். ஆனால் அன்றைக்கு மேரிசெல்வி எதிரணிக்குக் கை தட்டினாள். இன்றைக்கு மேரிசெல்வி சரியாகிவிட்டாள், பொன்னி ஆரம்பித்துவிட்டாள்.

"நடந்ததை நடந்தபடி எடுக்கறதுதான் ஆவணப்படம்னு மேடைக்கு மேடை பேசுவியே," என்று கேமராமேன் சீண்டினான்.

"நடக்க மாட்டேங்குதேடா! நடந்தா எடுக்க மாட்டேனா?"

அவன் கவலை அவனுக்கு. ஏற்கெனவே எடுத்த இரண்டு படமும் ஊத்திக்கொண்டன. மாரத்தான் வீரனைப் பற்றி எடுத்தபோது, வீரன் பாதி வழியில் பஸ் ஏறிவிட்டான். இந்தக் காட்சி இருந்தால்தான் படத்தை வாங்குவோம் என்று டிவிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் மாமனாரின் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்க வேண்டியதுதான். மாமனார் அதற்காக ஒரு ஸ்டூலே வாங்கிப் போட்டிருந்தார்.

"ஆக்‌ஷன்!"

டிவியில் பந்து பறந்தது. வலைக்குள் விழுந்தது. பதினொரு பெண்கள் கூச்சலோடு துள்ளி எழுந்தார்கள். பொன்னி உட்கார்ந்தே இருந்தாள்.

"நீங்கதான் கோல் விழுந்தப்புறம் எந்திரின்னீங்களே சார். விழுந்திச்சா?"

தமிழரசன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். வெயில் சாய்ந்துவிட்டது. வெளிச்சம் போய்விட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

மங்கம்மா பதறிப்போய் ஓடி வந்தாள். "அய்ய, அழாதீங்க சார். எங்களுக்கு மட்டும் கஷ்டமா இல்லையா? உப்பளத்துல வேல செய்றவங்களுக்கு இதெல்லாம் என்னா தெரியும்?"

"கேமராவை இன்னிக்குத் திருப்பிக் குடுக்கணும்மா. கெஞ்சிக் கூத்தாடி நாளைக்கு ஒரு நாள் வாங்கறேன். நீங்க எல்லாரும் வரணும்."

"நாளைக்கா?" மங்கம்மா முகத்தைச் சுளித்தாள். "அங்க பாத்தியில உப்பு வாராம கெடக்குது சார். மொதலாளி கத்துவாரு."

"அவர்கிட்ட நான் பேசறேன். உங்களை என் அம்மாவா நெனச்சுக் கேக்கறேன்."

நெடுநேரம் யோசித்துவிட்டு, "சரி, உங்க மொகத்துக்காக வர்றோம்," என்றாள் மங்கம்மா. தமிழரசன் கையெடுத்துக் கும்பிட்டான். இந்தக் காலத்தில் இப்படியும் மனுஷர்கள் இருக்கிறார்களே என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பெண்கள் வரப்பின் மேல் வரிசையாக நடந்து போனார்கள். சாமான்களை எடுத்து வைக்கும்போதுதான், கோல் கூச்சலைப் பதிவு செய்ய மங்கம்மாவின் பனியனில் மாட்டிய மைக்கைக் கழற்றாதது அவனுக்கு ஞாபகம் வந்தது. வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று ஹெட்ஃபோனைக் காதில் வைத்தான். மங்கம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

"குப்பம்மா, மேரி, பொன்னி மூணு பேரும் ஆளுக்கு ஒரு நாளு நம்மள நெழல்ல உக்கார வெச்சிட்டாங்க. நாளைக்குக் கெடுக்கறது உன் மொறடி சகாயசெல்வி, வெயிலு தாழற வரைக்கும் ஒழுங்கா கெடுக்கணும், தெரியுதா?"