தடுக்காமல் படித்தவர்கள்

ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல் படித்து முடித்தார், மனு கொடுக்க வந்திருந்த அர்ஜுனன். காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "கண்ணாடிகூட போடலம்மா, பார்த்தியா?" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

சதஃபுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. இரண்டு வருடமாக அவள் வரைந்த எழுத்துகள் அவை. செய்தித்தாளுக்கென்றே, முனைகளில் சின்னச் சின்னப் பாதங்கள் வைத்து, மட்டமான காகிதத்தில் மை பரவினாலும் சுழி அடைபடாமல், புள்ளி மறையாமல் தெரியும்படி வரைந்திருந்தாள்.

சென்னையில் ஒரு நாளிதழ் அந்த எழுத்துருவை வாங்குவதா, வேண்டாமா என்று இன்று முடிவு செய்கிறது. சோதனைக்கான பக்கத்தை அவர்களே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். "தெரியாத ஆளுங்ககிட்ட குடுங்க. சத்தமா படிக்கச் சொல்லுங்க. யார் எப்படி படிச்சாலும் ஒருத்தரையும் விடாம என்கிட்ட சொல்லணும்" என்று ஆசிரியர் தென்றல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அதனால்தான் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் எதிரே, கோபியின் ஜெராக்ஸ் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை. மனு கொடுக்க வந்தவர்களுக்குக் குறைவில்லை.

பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு செய்தி: 'பௌர்ணமியை முன்னிட்டு அணணாமலையார் கோயிலில் நேற்று அதிகாலை முதலே பக்தர்கள் நீண்ட வரிசையில் நின்று தரிசனம் செய்தனர்.'

அடுத்து வந்த கன்னியம்மாள், சுவாமி பெயர் வந்ததும் நிறுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மீதியை ஒரே மூச்சில் படித்தாள். "எழுத்து நல்லா பளிச்சுனு கீதும்மா. ரேஷன் கார்டையும் நீயே அடிச்சுக் குடுத்தா புண்ணியமா போவும்" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களும் ஒவ்வொருவராக வந்து, தண்ணீர் குடிப்பதுபோலப் படித்துவிட்டுப் போனார்கள்.

"பாஸாயிட்ட பாப்பா, கடையைக் கட்டு" என்றான் கோபி.

அப்போதுதான் இரேனா வந்தாள். போலந்து நாட்டுக்காரி. இந்த வருடம்தான் ஊருக்கு வந்து, கிரிவலப் பாதையில் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். விசா காகிதத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்தவள், நடப்பதைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"நான்... படிக்கலாமா? எழுத்து மட்டும் கத்துக்கிட்டேன்."

வேண்டாம் என்பதுபோல் கோபி பின்னாலிருந்து கையை ஆட்டினான். சதஃப் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள்.

இரேனா ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை வைத்துக்கொண்டாள். "பௌ... ர்... ண... மி..."

"இந்தம்மா முடிக்கறதுக்குள்ள அடுத்த பௌர்ணமியே வந்துடும் போல" என்றார் அர்ஜுனன்.

"அவங்க பொறுமையா படிக்கட்டும்ங்க" என்றாள் சதஃப்.

"அ... ண... ணா... மலையார்..."

கன்னியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாமலையார்னு சொல்லு தாயே. அண்... ணா... மலையார். சாமி பேரு."

இரேனா குழம்பிப்போய், அந்த இடத்தை விரல் நுனியால் துடைத்துப் பார்த்தாள். காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு சின்னக் குரலில், "அ... ண... ணா..." என்று மறுபடியும் அதையே சொன்னாள்.

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. அவளும் வெட்கத்தோடு சிரித்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்கக் கடைசி எழுத்து வரை கூட்டிப் படித்தாள். சதஃப் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பினாள்.

அவள் தலை மறைந்ததும் கோபி கிட்டே வந்தான். "இதை மட்டும் சொல்லிடாத பாப்பா. தமிழே தெரியாதவங்க. இவங்களால உன் ரெண்டு வருஷ உழைப்பு வீணா போயிடப்போவுது."

"எவ்ளோ மெனக்கெட்டு படிச்சாங்க! அவங்க வரவே இல்லைனு எப்படிண்ணா சொல்றது?"

"நல்லவளா இருக்க வேண்டியதுதான். அதுக்காக இவ்ளோ ஜாஸ்தியாவா?"

பிறர் பட்ட சிரமத்தை இல்லை என்று சொல்ல சதஃபுக்கு மனம் வரவில்லை. பயத்தோடுதான் தென்றலுக்குப் போன் செய்தாள்.

"எல்லாரும் தடுக்காம படிச்சாங்க மேடம். நானும் பக்கத்தைப் பார்த்தேன், ஒரு குறையும் தெரியல. ஆனா..." எச்சிலை விழுங்கிக்கொண்டாள். "ஒருத்தங்க மட்டும் தப்பா படிச்சாங்க. வெளிநாட்டுக்காரங்க. அண்ணாமலையாரை 'அணணாமலையார்'னு ரெண்டு தடவை சொன்னாங்க. எவ்ளோ திருத்தியும் மாத்திக்கல."

கோபி நெற்றியில் அடித்துக்கொண்டு கடைக்குள் போய்விட்டான்.

"வேற ரெண்டு பேரோட எழுத்துலயும் இதே பக்கத்தை அடிச்சு, உங்க ஊர்லயே சோதிக்கச் சொல்லி அவங்களுக்கும் அனுப்பினேன்" என்றார் தென்றல். "அவங்க ரெண்டு பேருமே, ஒருத்தர்கூட தப்பா படிக்கலைனு சொல்லிட்டாங்க."

சதஃப் காகிதத்தை மடித்து வைத்தாள். "சரிங்க மேடம். வெச்சிடறேன்."

"இரும்மா. உன் எழுத்தைத்தான் எடுத்துக்கப் போறோம்."

"மேடம்... அவங்க தப்பா படிச்சாங்கனு சொன்னேனே?"

"தப்பில்லம்மா. 'ண்' மேல இருக்க வேண்டிய புள்ளியை நானே எடுத்துட்டுத்தான் பக்கத்தையே அனுப்பினேன்."