இடுப்புப் பட்டை

மின்வாரியத்தில் போர்மேனாகப் பொறுப்பேற்ற நான்காம் நாள், காற்றில் அறுந்த மின்கம்பிக்குக் கீழே கதிரேசன் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தான். அவனுக்கு முப்பது வயது. உடன் வந்த லைன்மேன்கள் இருளப்பனும் சூசையும் ஐம்பதைத் தாண்டியவர்கள். போன வாரம்வரை "எலேய் கதிரு" என்றவர்கள் இப்போது "சார்" என்கிறார்கள். கேலியா மரியாதையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று தகவல் வந்ததும், அவன் சொல்லாமலே இருளப்பன் கம்பத்தில் ஏறுவதற்கான இடுப்புப் பட்டையை மாட்டத் தொடங்கினார். எப்போதும் அவர்தான் ஏறுவார். கொக்கி வளையத்தில் விழாமல் இரண்டு முறை வழுக்கியது. விரல்கள் நடுங்குவதைக் கதிரேசன் பார்த்துவிட்டான்.

"அண்ணே, இன்னைக்கு நீங்க ஏற வேண்டாம்."

"ஏன் சார்? முப்பது வருசமா ஏறுதேன்."

"வேண்டாம்ணே."

இருளப்பன் பட்டையைக் கழற்றி, நீட்டிய அவன் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார்.

"சூசையண்ணே, நீங்க மாட்டுங்க."

சூசை காதில் விழாதவர்போலக் கம்பத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தானே ஏறிவிடலாமா என்று கதிரேசனுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. எதிரே மின்சாரம் இல்லாமல் கிடந்த பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஒருத்தி வந்து நின்று இவர்களையே பார்த்தாள்.

"சூசை" என்றான். "அண்ணே" சேர்க்காமல் அந்தப் பெயரை அவன் சொன்னது அதுவே முதல் தடவை. "பட்டைய எடுங்க."

சூசை குனிந்து எடுத்தார். கம்பத்தில் சாத்தியிருந்த ஏணியில் அவர் ஏறத் தொடங்கியதும் இருளப்பன் கதிரேசன் அருகே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார்.

"சார், நான் ஏணியப் பிடிக்கலாமா?"

கதிரேசன் ஏணியின் ஒரு காலைப் பிடித்தபடி நின்றான். மேலே சூசை அடுத்த படியில் கால் வைத்ததும் ஏணி ஆடியது. "அந்தக் காலப் பிடிங்கண்ணே" என்றான்.