கார் நிறுத்துமிடத்துப் போர்

தன் கார் நிற்கவேண்டிய இடத்தில் எதிர்வீட்டுக் கோதண்டம் அவர் காரை நிறுத்திய ஏழாம் நாள், தணிகாசலம் ஒரு போர் ஆலோசகரை வாங்கினார். உள்ளங்கை அளவுக் கருவிதான். தேர்ப்படைக் காலத்திலிருந்து ட்ரோன் காலம் வரை நடந்த எல்லாப் போர்களும் அதற்கு அத்துப்படி.

முதலில் முற்றுகையிடச் சொன்னது. கோதண்டத்தின் கார் வெளியே வர முடியாதபடி தணிகாசலம் தன் காரைக் குறுக்கே நிறுத்தினார். கோதண்டம் அசரவில்லை, பத்து நாள் ஆட்டோவிலேயே போய்வந்தார். அவரிடமும் அதே கருவி இருந்தது.

"இரு தரப்பும் சமபலம்," என்றது கருவி. "இந்த நிலையில் அரசர்கள் பெண் கொடுத்துச் சமாதானம் ஆனார்கள்."

"நல்ல யோசனைதாம்பா," என்றாள் மகள் தாரணி, கொஞ்சம் அவசரமாகவே.

தை மாதம் கோதண்டத்தின் மகனுக்கும் தாரணிக்கும் கல்யாணம் நடந்தது. மறுநாள் காலை அதே இடத்தில் கோதண்டத்தின் கார் வந்து நின்றது. தணிகாசலம் மாடியிலிருந்து விறுவிறுவென்று இறங்கி வந்தார். கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்க சம்பந்தி. பின்பக்கம் வெயில் படுது பாருங்க, இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி விட்டுக்குங்க. என் வண்டி தெருவிலயே நிக்கட்டும்."